சாந்திவனத்தில் ஐந்து இரவு: ஒரு வெல்டிங் இன்ஸ்பெக்டரின் ரிப்போர்ட்

வெல்டிங் முடிந்த கையோடு ஜாயின்ட்டைப் பார்த்துவிட்டு ‘ஓகே’ போடுகிறவன் இன்ஸ்பெக்டர் இல்லை. தடித்த பிளேட், அலாய் ஸ்டீல் என்றால் கேட்கவே வேண்டாம். சூடு இருக்கும்வரை எல்லாம் அழகாகத்தான் தெரியும். உள்ளே மாட்டிக்கொண்ட ஹைட்ரஜன் மெதுவாக நகர்ந்து, ஜாயின்ட் ஆறி, ஆட்களெல்லாம் வீட்டுக்குப் போன பிறகு விரிசல் விடும். அதனால்தான் 48 மணி நேரம் பொறுத்து அப்புறம் டெஸ்ட் எடு என்று பல ஸ்பெசிஃபிகேஷன்களில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

குளித்தலைக்குப் பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் இருக்கிற சாந்திவனம் என்ற கத்தோலிக்க ஆசிரமத்தில் ஆவணி மாதம் ஐந்து இரவு தங்கினேன். இப்போது தை பிறந்துவிட்டது. போதுமான அளவு ஆறிவிட்டது என்று நினைக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

ஆள் யார் என்று தெரியாமல் ரிப்போர்ட்டை நம்பக் கூடாது, அதனால் கொஞ்சம் சுயபுராணம். வயது 43. சாயர்புரம் பக்கம் சொந்த ஊர். அப்பா சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபையில் உபதேசியார், காலமாகிவிட்டார். எனக்குப் பத்தொன்பது வருடமாகத் திருச்சியில் வாசம், துவாக்குடிப் பக்கத்து ஃபேப்ரிகேஷன் ஷெட்டுகளில் வேலை. பாய்லர் பாகங்களுக்கு ஆர்டர் வந்தால் இரவும் பகலும் ஓடும். வராவிட்டால் ஷெட்டில் புறா குடியிருக்கும். போன வருடம் புறா அதிகம்.

மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடித்தன. முதலாவது, சவூதியில் ஜுபைலில் இருந்து இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு ஆஃபர். இங்கே வாங்குவதைப் போல மூன்று மடங்கு. மகள் ஒன்பதாவது படிக்கிறாள். மனைவியிடம் லெட்டரைக் காட்டினேன். “உங்க இஷ்டம்” என்றாள். கல்யாணமானவர்களுக்கு அந்த இரண்டு வார்த்தையின் எடை தெரியும். இரண்டாவது, எங்கள் சபையை நிர்வகிக்கிற சேகர கமிட்டித் தேர்தலில் நடந்த ஒரு தகராறுக்குப் பிறகு மூன்று வருடமாகக் கோயிலுக்குப் போவது கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் என்றாகிவிட்டது. கோபம் ஆட்கள் மேல்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மகளுக்குக் காய்ச்சல், ஜெபம் பண்ண முழங்காலில் நின்றால் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. அப்போதுதான் கோளாறு கமிட்டியோடு நிற்கவில்லை என்று தெரிந்தது. மூன்றாவது, என் அண்ணன். அப்பா அடக்கத்துக்கு மறுவாரம் வீட்டுப் பத்திரத்தை நடுவில் வைத்துப் பேசிய பேச்சில் அறுந்தது. நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

இந்த மூன்றுக்கும் சேர்த்து மருந்து தருவதாகச் சொன்ன ஒரு ‘வாழ்க்கை வழிகாட்டுப் பயிற்சி’க்கு முதலில் போனேன். நட்சத்திர ஓட்டல், இரண்டு நாள், 14,500 ரூபாய், ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 17,110. பெயர் வேண்டாம். ஒரு வட்டம் வரைந்து எட்டுத் துண்டாக்கி, தொழில், குடும்பம், ஆன்மிகம் என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போடச் சொன்னார்கள். விளக்கை அணைத்து இசை போட்டு, யாரை மன்னிக்க வேண்டுமோ அவர் முகத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நானும் அழுதேன், பொய் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த ஜவுளிக்கடைக்காரரும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். ஞாயிறு இரவு பஸ்ஸில் திரும்பும்போது உலகத்தையே புரட்டிவிடலாம் போல இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை விரிசல் தெரிந்தது. அண்ணனுக்குப் போன் போட எண்ணைத் தேடி எடுத்தேன், அழுத்தவில்லை. புதன்கிழமை வாட்ஸ்அப் குழுவில் அடுத்த கட்டப் பயிற்சி 65,000 என்று போஸ்டர் வந்தது.

சாந்திவனத்தைச் சொன்னவர் எங்கள் ஷெட்டுக்கு ரேடியோகிராபி (ஜாயின்ட்டுக்கு எக்ஸ்ரே மாதிரி) எடுக்க வரும் லால்குடிக்காரர், கத்தோலிக்கர். “அங்க உங்களை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க சார். அதான் அங்க விசேஷம்” என்றார். வீட்டில் சொன்னபோது, “அங்கயே சாமியாராகிடாதீங்க, மாசக் கடைசில கேஸ் புக் பண்ணணும்” என்று பதில் வந்தது.

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கரூர் பஸ் ஏறினால் ஜீயபுரம், பெருகமணி, பேட்டைவாய்த்தலை என்று வழி நெடுக வாழைத்தோப்பு. குளித்தலைக்குக் கொஞ்சம் முன்னால் இறங்க வேண்டும். சாலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஆசிரமம். உள்ளே போனதும் கோயில் வாசலில் கோபுரம். அதில் மூன்று முகம் கொண்ட ஓர் உருவம். திரித்துவமாம். கருவறைக்கு மேல் விமானம், அதில் மாதாவும் புனிதர்களும். சிலுவை ஒரு வட்டத்துக்குள், அதன் நடுவில் ஓம். சாயர்புரத்து உபதேசியார் பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கள் ஊர்க் கோயில் கோபுரம் வெள்ளைக்காரன் வரைபடத்தைப் பார்த்துக் கட்டியது, அது மட்டும் எனக்கு இயல்பாக இருக்கிறது என்பது அன்று ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது.

இந்த இடத்தின் கதையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. நான் தெரியாமல் போய், அங்கே நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். 1950-ல் இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கியது. ழூல் மோன்ஷனேன் ஏற்கெனவே குளித்தலைப் பக்கத்தில் பங்குக் குருவாக இருந்தவர். ஆன்ரி லெ சோ பெனடிக்ட் சபைத் துறவி. 1949-ல் திருவண்ணாமலையில் ரமணரைப் பார்த்து அசந்துபோனவர். இருவரும் காவி கட்டினார்கள், குடிசை போட்டார்கள், சைவச் சாப்பாடு. ஒருவர் பரம அரூபி ஆனந்தம், மற்றவர் அபிஷிக்தானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். நாட்டுக்காரர்கள் சீடர்களாகத் திரண்டு வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள்.

வரவில்லை. வந்தவர்களும் நிலைக்கவில்லை. மோன்ஷனேன் சிகிச்சைக்காகப் பாரிஸ் போய் 1957-ல் அங்கேயே இறந்துபோனார். அபிஷிக்தானந்தருக்கு மனசு அருணாசலக் குகைகளிலும் இமயமலையிலும் இருந்தது. 1968-ல் மொத்தமாக வடக்கே உத்தரகாசிப் பக்கம் போய்விட்டார். எங்கள் பாஷையில் சொன்னால், பதினெட்டு வருடம் ஓடிய ஜாப், ரிசல்ட் ரிஜெக்ட்.

அந்த ரிஜெக்ட் ஜாபை எடுத்துக்கொண்டவர் பீட் கிரிஃபித்ஸ். இங்கிலாந்தில் 1906-ல் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். ‘என் ஆன்மாவின் மறுபாதியைக் கண்டுபிடிக்கப் போகிறேன்’ என்று நண்பருக்கு எழுதிவிட்டு 1955-ல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு 48. நான் 43, இன்னும் ஐந்து வருடம் கையில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கேரளத்தில் குரிசுமலை ஆசிரமத்தில் பத்து வருடம் இருந்துவிட்டு 1968-ல் தண்ணீர்ப்பள்ளிக்கு வந்தபோது 61. ஆட்கள் ரிட்டயர் ஆகி ஈசிச்சேர் வாங்குகிற வயது. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க இருந்து ஆட்கள் இங்கே வர ஆரம்பித்தார்கள். கிறிஸ்தவத்தைக் கலப்படம் பண்ணுகிறார் என்று ஒரு பக்கம், காவியைக் கட்டிக்கொண்டு ஆள் பிடிக்கிறார் என்று இன்னொரு பக்கம், இரண்டு தரப்பும் திட்டின. 1990-ல் பக்கவாதம் வந்து, பிழைத்து, 1993 மே மாதம் அங்கேயே இறந்தார். சமாதி கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. இப்போது ஆசிரமம் பெனடிக்ட் துறவிகளின் கமால்டோலி பிரிவைச் சேர்ந்தது.

வெல்டிங்கில் ரிஜெக்ட் ஆன ஜாயின்ட்டைத் தூக்கி எறிய மாட்டோம். விரிசல் இருக்கிற இடம்வரை அரைத்துச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பற்றவைப்போம். அதற்கும் மறுபடி சோதனை உண்டு. இந்தக் கதையைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. ‘வெற்றி பெற்ற முறை’ என்று எதையும் இங்கே விற்காததற்கு இந்தக் கதை ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

நாள் எப்படிப் போகும் என்றால், இருட்டு விலகும் முன்னே மணி. ஆற்றங்கரையிலோ கூடத்திலோ ஒரு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். பிறகு காலை ஜெபம், திருப்பலி. மத்தியானம் ஒரு ஜெபம். சாயங்காலம் மறுபடி ஒரு மணி நேரம் உட்காருவது, இருட்டிய பிறகு மாலை ஜெபம். காலையில் காயத்ரி மந்திரம் காதில் விழும், பைபிளில் இருந்து சங்கீதம் வாசிப்பார்கள், உபநிஷத்தும் வாசிப்பார்கள். மாலையில் தமிழ்ப் பக்திப் பாட்டு. மாணிக்கவாசகரை நான் முதல் முறையாகக் காது கொடுத்துக் கேட்டது ஒரு கத்தோலிக்கக் கோயிலில் என்பதை என் தமிழாசிரியர் மன்னிக்க வேண்டும்.

ஒவ்வொரு வேளைக்கும் நெற்றிக்கு ஒன்று உண்டு. காலையில் சந்தனம், மத்தியானம் குங்குமம், மாலையில் விபூதி. குளித்தலைப் பக்கத்தில் ஒரு வழக்கம்: காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தித் திருஈங்கோய்நாதர் என்று ஒரே நாளில் மூன்று சிவன் கோயில்களைத் தரிசிப்பார்கள். குளித்தலைக் கடம்பவனேசுவரர், ஐயர்மலை, அக்கரையில் திருஈங்கோய்மலை. வேளைக்கு ஒரு வடிவம் என்பது அந்த மண்ணுக்குப் புதிது இல்லை போலிருக்கிறது. டீக்கடைக்காரர்தான் இதைச் சொன்னார், ஆசிரமத்தில் யாரும் சொல்லவில்லை.

சந்தனத்தை முதல் நாளே வைத்துக்கொண்டேன். அது கல்யாண வீட்டுச் சமாசாரம். குங்குமத்துக்குக் கொஞ்சம் யோசித்தேன். விபூதித் தட்டு வந்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தூணோடு ஒட்டி நின்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நற்கருணைக்கும் நான் போகவில்லை, உட்கார்ந்தே இருந்தேன். அதையும் யாரும் பார்க்கவில்லை. லால்குடிக்காரர் சொன்னது சரிதான்.

அந்தச் சும்மா உட்காருகிற ஒரு மணி நேரத்தைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். வழிநடத்தல் கிடையாது. இசை, குரல், ‘மூச்சைக் கவனியுங்கள்’ எதுவும் கிடையாது. முதல் நாள் பத்து நிமிடம் கொசு, மீதி ஐம்பது நிமிடம் அண்ணன். பத்திர விஷயத்தில் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் தயார் பண்ணி வாதாடினேன். எல்லா வாதத்திலும் நானே ஜெயித்தேன். சாயங்காலம் மறுபடி உட்கார்ந்தேன், மறுபடி ஜெயித்தேன். இரண்டாம் நாள் காலை காவிரியில் தண்ணீர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, அக்கரையில் முசிறிப் பக்கம் விளக்கு அணைவது தெரிந்தது, நான் மறுபடி ஜெயித்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் அதே கேஸை நாலாவது தடவை ஜெயித்தபோது சலிப்புத் தட்டியது. மன்னிப்பு, அமைதி என்றெல்லாம் எதுவும் வரவில்லை. சலிப்புத்தான். ஓட்டல் ஹாலில் விளக்கை அணைத்து வரவழைத்த கண்ணீரை விட இந்தச் சலிப்பு உருப்படியானது என்று இப்போது தோன்றுகிறது.

சாப்பாடு சைவம், தரையில் பாயில் உட்கார்ந்து, பேசாமல். சோறு, சாம்பார், ஒரு பொரியல், மோர். ஐந்து நாளும் என் நாக்கு கருவாட்டுக்கு ஏங்கியது என்பது என் நாக்கின் குற்றம். டீ நேரத்தில்தான் வாய் திறக்கலாம் போல ஒரு கலகலப்பு வரும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு காய் நறுக்க விருந்தினர்களும் உட்காரலாம். திருச்சூரில் இருந்து வந்த ரிட்டயர்டு பேங்க் ஆபீசர் ஒருவரும், வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு ஸ்பானியப் பெண்ணும், நானும் பீன்ஸ் நறுக்கினோம். நான் எல்லாவற்றையும் ஒரே அளவில், அரை சென்டிமீட்டர் மாறாமல் நறுக்கிக்கொண்டிருந்தேன். சமையற்கட்டு அக்கா எட்டிப் பார்த்து, “சார், இது சாம்பாருக்கு. இவ்வளவு கஷ்டப்பட வேணாம்” என்றார். அந்த ஸ்பானியப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, விழுந்து விழுந்து சிரித்தாள். பேங்க் ஆபீசர் மனைவி இறந்து ஒரு வருடம் ஆகிறதாம். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாலு நாள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கினோம்.

மூன்றாம் நாள் அங்கே இருக்கும் வயதான துறவி ஒருவரிடம் பேச நேரம் கேட்டேன். நாற்பது நிமிடம் மூச்சு விடாமல் கொட்டினேன். ஜுபைல், கமிட்டி, பத்திரம் எல்லாம். ஞான வாக்கு ஏதாவது கிடைக்கும் என்று நோட்டுப் புத்தகம் வேறு கையில் வைத்திருந்தேன். முதலில் அவர் கேட்டது, கீழே உட்காரும்போது உங்களுக்கு முழங்கால் வலிக்கிறதா, நொண்டுகிறீர்களே என்று. ஆமாம் என்றேன், நாற்காலி இருக்கிறது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு, அண்ணன் பெயர் என்ன, நாளைக் காலை பூசையில் வேண்டிக்கொள்ள என்று கேட்டார்.

வாய் எழவில்லை. நாலு வருடமாக அந்தப் பெயரை நான் சொல்லவே இல்லை என்பது அந்த நிமிடம்தான் தெரிந்தது. வீட்டில் ‘சாயர்புரத்துக்காரர்’ என்றுதான் பேச்சு. மகள்கூட ‘பெரியப்பா’ என்று சொல்வதை நிறுத்திவிட்டிருந்தாள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. தொண்டையைச் செருமிக்கொண்டு பெயரைச் சொன்னேன். நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை ஜெபத்தில், யார் யாரோ நோயாளிகளின் பெயர்களுக்கு நடுவில் அண்ணன் பெயர் வந்தது. சரியாகக்கூட உச்சரிக்கவில்லை. எனக்கு அழுகை எல்லாம் வரவில்லை. பரீட்சை ரிசல்ட் போர்டில் நம் வீட்டுப் பிள்ளை பெயரைப் பார்த்த மாதிரி ஒரு திடுக்கிடல்.

அன்று மாலை விபூதித் தட்டு வந்தபோது நெற்றியை நீட்டினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஜெபம் முடிந்து சாலை ஓரம் வந்து மனைவிக்கு வீடியோ கால் போட்டேன், நெற்றியைத் துடைக்க மறந்துவிட்டு.

“நெத்தியில என்னதுங்க?”

“சாம்பல்.”

“மாமா பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க!” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆஃபர் லெட்டர் வந்த நாளில் இருந்து அவள் என்னிடம் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பின் தைரியத்தில் கேட்டேன், நான் ஜுபைல் போவது உனக்குப் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லியிருக்கலாமே என்று.

“நீங்க என்கிட்ட கேக்கவே இல்லையே. லெட்டரைத்தான காட்டுனீங்க” என்றாள்.

இருட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ரொம்ப நேரம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொசு வேறு.

ஐந்தாம் நாள் மத்தியானம் அதே இடத்தில் நின்று அண்ணனுக்குப் போட்டேன். நாலாவது ரிங்கில் எடுத்தார்.

“அண்ணே.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “என்னலே, திடீர்னு. வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்லையே?”

“ஒண்ணுமில்ல. சும்மாதான்.”

கிணத்து மோட்டார் காயில் எரிந்துபோனதைச் சொன்னார். பின்வாசல் முருங்கை காற்றில் முறிந்துவிட்டது என்றார். பாப்பா எத்தனாவது என்று கேட்டார். ஆறு நிமிடம் நாற்பது செகண்ட் என்று போன் காட்டியது. வீட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சரி, ஐந்து மாதம் கழித்து என்ன நிலவரம்? ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுகிறேன், ரிப்போர்ட் என்று சொல்லிவிட்டேனே.

ஜுபைல் போகவில்லை. அந்த இடத்துக்கு வேறு ஆள் போய்விட்டார், மாதம் ஒன்றாம் தேதி எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. அதற்குப் பதில் குஜராத்தில் ஒரு ரிஃபைனரி ஷட்டவுனுக்கு, அதாவது ஆலையை நிறுத்திவைத்துச் செய்கிற பராமரிப்பு வேலைக்கு, இரண்டு மாதம் போய் வந்தேன். இந்தத் தடவை கேட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்ததும் மனைவி சொன்னது: “ரெண்டு வருஷம்லாம் முடியாது. ஆனா ரெண்டு மாசம்னா, உண்மையச் சொல்லணும்னா நல்லாத்தான் இருந்துச்சு.” இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை. வருடத்துக்கு இரண்டு ஷட்டவுன் என்று இப்போதைக்கு முடிவு.

கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போய் அண்ணன் வீட்டில் சாப்பிட்டோம். பத்திரம் பீரோவிலேயே இருக்கிறது. அது ஒருநாள் வெளியே வரும், அப்போது இந்த ஜாயின்ட் தாங்குகிறதா என்று தெரியும். இதற்கு நான் இன்னும் ‘ஓகே’ போடவில்லை.

கோயில் விஷயம்தான் இழுபறி. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பின்பெஞ்சில் உட்காருகிறேன். முதல் ஞாயிறு திருவிருந்துக்கு இன்னும் முன்னால் போகவில்லை. கமிட்டி ஆட்களைப் பார்த்தால் இன்னும் பல்லைக் கடிக்கிறேன். விடிகாலை மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அரை மணி நேரம் சும்மா உட்காருகிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. வார்த்தை இன்னும் வரவில்லை. முன்பு அது பயமாக இருந்தது, இப்போது இல்லை. நெற்றியில் எதுவும் வைத்துக்கொள்வதும் இல்லை. அது அந்த ஆற்றங்கரையோடு சரி.

யார் போகலாம் என்றால், கேள்வி கையில் இருக்கிறது, பதில் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன் என்பவர்கள் ஏமாந்துபோவீர்கள். அங்கே பதில் சொல்ல யாரும் முன்வருவதில்லை. பாடத்திட்டம், சான்றிதழ், முன்னேற்ற அட்டவணை எதுவும் இல்லை. கலப்பு வழிபாடு கண்டால் கொதிக்கிறவர்கள், எந்த மதத்துக்காரராக இருந்தாலும், மூன்று வேளையும் கொதிப்பீர்கள். குடும்பத்தோடு ஒரு வாரக்கடைசி ஜாலியாக இருக்கலாம் என்றால் முக்கொம்புக்குப் போங்கள், அது வழியிலேயே இருக்கிறது. மற்றபடி ஒரு வேலையை மேற்கொண்டு செய்வதற்கு முன்னால் கட்டாயம் நிறுத்திவைக்கிற இடத்தை நாங்கள் ‘ஹோல்டு பாயின்ட்’ என்போம். இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்வரை அடுத்த ஸ்டேஜுக்கு நகரக் கூடாது. அப்படி ஒரு இடம் வேண்டும் என்றால் போகலாம். இன்ஸ்பெக்டர் வருவாரா என்பதற்கு நான் உத்தரவாதம் இல்லை.

ஸ்டார் கேட்டால் நாலு. ஒன்றைக் குறைத்தது அவர்கள் குறைக்காக இல்லை. பத்திரம் பீரோவில் இருக்கும்வரை எதற்கும் ஐந்து போடுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

கட்டணப் பட்டியல் எதுவும் என்னிடம் நீட்டவில்லை. போகும்போது கொடுப்பதைக் கொடுங்கள் என்றார்கள், நாளைக்கு 600 என்று நானே கணக்குப் போட்டுக் கொடுத்தேன். முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு போங்கள், திடுதிப்பென்று போய் நிற்க வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் வெளிநாட்டுக்காரர்கள் அதிகம் வருவார்களாம். அறை எளிமையானது: கட்டில், மேஜை, மின்விசிறி. கொசுவர்த்தி, டார்ச் லைட், ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் ஆற்றங்கரைக்குப் போகும் பாதையில் டார்ச் இல்லாமல் கால் வைக்காதீர்கள். கருவாட்டுப் பிரியர்கள் போவதற்கு முந்தின நாளே ஒரு பிடி பிடித்துவிடுவது உத்தமம்.

முழங்கால் தகராறு உள்ளவர்கள் வெட்கப்படாமல் முதல் நாளே நாற்காலி கேளுங்கள். நான் கேட்காமல் மூன்று நாள் நொண்டினேன்.